நடந்து அளக்க வேண்டிய எல்லை

போன மாதம் நடந்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலைமையாசிரியை ஒரு தாளை எங்கள் முன் வைத்தார். இடப்பக்கம் குடியிருப்புகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. வலப்பக்கம் அந்தந்தக் குடியிருப்பின் குழந்தைகள் வரும் கல்வியாண்டிலிருந்து சேர வேண்டிய பள்ளியின் பெயர் இருந்தது. ஓசூரில் தேசிய நெடுஞ்சாலைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் குடியிருப்புக்கும், எங்களை ஒட்டிய இரண்டு புதிய லேஅவுட்டுகளுக்கும் நேராக, இத்தனை ஆண்டுகளாக எங்கள் பிள்ளைகள் படித்துவரும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் பெயர் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், நெடுஞ்சாலைக்கு மேற்கே பழைய ஊருக்குள் இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளியின் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தார்கள். "இன்னும் முடிவாகவில்லை, உங்கள் கருத்தைக் கேட்கச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள்" என்றார் தலைமையாசிரியை. பென்சிலால் எழுதப்பட்டிருக்கும்போதே பேசிவிட வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

தருமபுரியில் இருக்கும் என் தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அரசுப் பள்ளியில் எந்த ஊர்ப் பிள்ளையும் சேரலாமே அக்கா, இதில் எல்லை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துக்காகத் தமிழ்நாடு 2011-இல் வகுத்த விதிகளின்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைக்கு நடந்து செல்லும் தொலைவில், அதாவது ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரை படிக்கும் குழந்தைக்கு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இது அரசின் கடமைக்கு வைக்கப்பட்ட அளவு. குழந்தை இதைத் தாண்டி வேறு பள்ளிக்குப் போகக் கூடாது என்று எங்கும் சொல்லப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளிக்கும் இன்னின்ன குடியிருப்புகள் என்று ஒரு பட்டியல் உண்டு. கோடை விடுமுறைக்கு முன்னும் பின்னும் ஆசிரியர்கள் வீடு வீடாகச் சென்று ஐந்து வயது நிறைந்த குழந்தைகளைக் கணக்கெடுப்பது அந்தப் பட்டியலின்படிதான். பள்ளியில் இடம் நிறைய இருக்கும்வரை அந்தப் பட்டியலை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. இடம் நிரம்பியதும், சேர்க்கைக்கு வரும் தாயிடம் முதலில் கேட்கப்படுவது "உங்கள் வீடு எங்கே?" என்பதாகிவிடுகிறது, பட்டியலும் எல்லைக் கோடாகிவிடுகிறது.

எங்கள் பள்ளியில் இடம் நிரம்பிவிட்டது என்பது உண்மை, அதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு விருப்பமில்லை. இரண்டாம் வகுப்பில் 58 பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரே அறையில் இரண்டு பிரிவுகள் முதுகுக்கு முதுகு திரும்பி உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பிரிவு வாய்ப்பாடு சொல்லும்போது மறு பிரிவின் ஆசிரியை பாட்டைச் சொல்லிக்கொடுக்காமல் எழுத்து வேலை கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். முதல் வகுப்பு தாழ்வாரத்தில் நடக்கிறது, மழைச் சாரல் அடித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு சத்துணவுக் கூடத்துக்குப் போகிறார்கள். மதியம் கை கழுவும் குழாய்களில் கடைசிப் பிள்ளையின் முறை வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. தொடக்க வகுப்புகளில் 30 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. ஆசிரியரை அனுப்பினாலும் அவரை நிறுத்தி வைக்க அறை வேண்டுமே என்று தலைமையாசிரியை சொல்வதில் குறையொன்றும் காண முடியாது.

இந்த நெருக்கடி ஒரே நாளில் வந்ததன்று. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்தே ஓசூர் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் கடந்த சில ஆண்டுகளில் மின்னணு ஆலைகளும் மின்வாகன ஆலைகளும் இந்த மாவட்டத்துக்கு வந்த பிறகு நடப்பது வேறு வேகம். 2019-இல் ஓசூர் மாநகராட்சியானது. எங்கள் லேஅவுட் இருக்கும் இடம் எட்டு ஆண்டுகளுக்கு முன் தக்காளித் தோட்டம். அதற்கு அடுத்த நிலத்தில் ரோஜா வளர்த்த பசுமைக்குடிலின் இரும்புக் குழாய்கள் இப்போது யாரோ ஒருவரின் மாட்டுக் கொட்டகையைத் தாங்கி நிற்கின்றன. பள்ளியோ, ராகியும் அவரையும் விளைந்த ஒரு சிற்றூரின் பிள்ளைகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. அதன் பெயர்ப் பலகையில் இன்னும் ஊராட்சி ஒன்றியம் என்றே இருக்கிறது. எத்தனை பேருக்குத் திட்டமிடுகிறோம் என்று கேட்டால், அரசின் கையில் இருக்கும் கடைசி மக்கள்தொகைக் கணக்கு 2011-ஆம் ஆண்டினுடையது. அன்றைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்தவர்கள் 18,79,809 பேர். அந்த எண்ணில் எங்கள் தெருக்களில் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் அந்தத் தெருக்களே அப்போது இல்லை.

மேற்கே இருக்கும் தொடக்கப் பள்ளியை நான் நேரில் போய்ப் பார்த்தேன். பார்க்காமல் எதிர்ப்பது தவறு என்று தோன்றியது. மூன்று அறைகள், இரண்டு ஆசிரியர்கள், 19 பிள்ளைகள். வாசலில் பெரிய வேப்பமரம். அதைச் சுற்றிக் கட்டிய மேடையில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்றாம் வகுப்புப் பையனின் கையைப் பிடித்து 'அ' எழுதப் பழக்கிக்கொண்டிருந்தாள். சுவரில் வண்ணம் புதிது, கழிப்பறையில் தண்ணீர் வந்தது, ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நிலைமையையும் அறிந்தவராக இருந்தார். என் பிள்ளையை அங்கே படிக்க வைப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பகுதிக் கூட்டங்களில் சிலர் அந்தப் பள்ளியைக் குறைத்துப் பேசுகிறார்கள், அது எனக்கு வருத்தம் தருகிறது. அந்த ஆசிரியைக்கும் ஒரு கவலை இருக்கிறது. இந்த எண்ணிக்கை இன்னும் இறங்கினால் தங்கள் பள்ளியை வேறொன்றோடு இணைத்துவிடுவார்களோ என்று அந்த ஊர்க்காரர்கள் அஞ்சுகிறார்கள். "உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வந்தால் எங்கள் பள்ளி பிழைக்கும் அம்மா" என்று அங்கிருந்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவரிடம் மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அந்தப் பள்ளிக்குப் போகும் வழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கூட்டம் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை காலை 7.40-க்கு, நானும் ஏழு வயதான என் மகனும், பக்கத்து வீட்டுப் பாட்டியும் அவருடைய பேத்தியும் எங்கள் தெரு முனையிலிருந்து புறப்பட்டோம். பிள்ளைகள் இருவரும் புத்தகப் பையோடு வந்தார்கள். பை இல்லாமல் நடந்து பார்த்தால் அது சரியான கணக்காகாது என்று பாட்டிதான் சொன்னார். கூட்டத்தில் காட்டப்பட்ட வரைபடத்தில் எங்கள் குடியிருப்பின் நடுப்புள்ளியிலிருந்து அந்தப் பள்ளிக்கு 900 மீட்டர் என்று போட்டிருந்தது. நேர்க்கோட்டில் அது சரியாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் அந்த வேப்பமரத்தின் தலை தெரிகிறது. அந்த நேர்க்கோட்டின் குறுக்கே நெடுஞ்சாலை, அதன் நடுத்தடுப்பு, இருபுறமும் சர்வீஸ் ரோடு, சர்வீஸ் ரோட்டுக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையே கம்பி வேலி. ஆகவே நாங்கள் சர்வீஸ் ரோட்டில் தெற்கே நடந்து, சாலைக்கு அடியில் இருக்கும் சுரங்கப்பாதையில் இறங்கி, மறுபுறம் ஏறி, மீண்டும் வடக்கே அதே தொலைவு வர வேண்டியிருந்தது. சர்வீஸ் ரோட்டில் நடைபாதை கிடையாது. அந்த நேரம் முதல் ஷிப்ட் முடியாத, இரண்டாவது ஷிப்ட் தொடங்காத இடைவேளை என்றாலும், பொது ஷிப்டுக்கு ஆளெடுக்கும் கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று நின்று கிளம்பும் நேரம் அதுதான். பேருந்து நிற்கும்போதெல்லாம் நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டு சாலைக்குள் இறங்க வேண்டியிருந்தது. எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகள் அப்போதுதான் எங்களைப் பார்த்தன. சுரங்கப்பாதையில் முந்தைய நாள் மழைத் தண்ணீர் என் மகனின் கணுக்கால் அளவு நின்றது. அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். பேத்தியைப் பாட்டி தூக்கிக்கொண்டார், தூக்கிக்கொண்டு நாலடி நடந்ததும் சுவரில் கை வைத்து நின்றார்.

பள்ளி வாசலை அடைந்தபோது மணி 8.16. கைபேசி காட்டிய தொலைவு 2.3 கிலோமீட்டர். பாட்டி வேப்பமர மேடையில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டே, "இவளை விட்டுவிட்டு நான் திரும்பிப் போகணும், சாயங்காலம் மறுபடியும் வரணும், அப்போ ஒரு நாளைக்கு நாலு நடை" என்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். 2.3-ஐ நாலால் பெருக்கினால் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அந்தப் பிள்ளையின் அப்பா இரவு ஷிப்டில் இருக்கிறார், அம்மா காலை ஐந்தரைக்குக் கம்பெனிப் பேருந்து ஏறுகிறார். பாட்டியைத் தவிர அந்த வீட்டில் அழைத்துச் செல்ல ஆள் இல்லை.

அன்றைக்கு வானம் தெளிவாக இருந்தது. மார்கழி, தை மாதங்களில் இந்த ஊர்ப் பனிமூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, எட்டு மணிக்கும் லாரிகள் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்வதும், பத்தடிக்கு முன்னால் நிற்பவரின் சட்டை நிறம் தெரியாமல் போவதும் தெரியும். அந்த மாதங்களில் நான் வண்டி ஓட்டவே தயங்கும் சாலை அது.

காலை உணவுத் திட்டத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த இந்தத் திட்டம், எங்களைப் போன்ற ஷிப்டு வேலைக் குடும்பங்களில் எவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல முடியும். முன்பு விடியற்காலையில் சோற்றை வடித்து மூடி வைத்துவிட்டுப் போன தாய்மார்கள், பிள்ளை சாப்பிட்டதா என்று இடைவேளையில் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். இப்போது பள்ளியில் சூடான பொங்கலோ உப்புமாவோ கிடைக்கிறது என்ற நிம்மதி இருக்கிறது. வகுப்பு தொடங்குமுன் அந்த உணவு பரிமாறப்பட்டாக வேண்டும், ஆகவே பிள்ளை எட்டேகாலுக்காவது அங்கே இருக்க வேண்டும். பத்து நிமிட நடை அரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட நடையானால், மழைக்காலத்தில் பசியோடு முதல் பீரியடில் உட்காரப் போவது வீட்டில் பெரியவர் துணை இல்லாத பிள்ளைதான். தொலைவைக் கணக்கிடுபவர்கள் இந்தத் தட்டையும் கணக்கில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டத்துக்காக மத்திய அரசு 2010-இல் வெளியிட்ட விதிகளில் ஒரு பகுதி உண்டு. கரடுமுரடான நிலம், நிலச்சரிவு, வெள்ளம், சாலையின்மை ஆகியவற்றோடு, பொதுவாகவே வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் சிறு குழந்தைகளுக்கு ஆபத்து இருக்குமானால், அந்த ஆபத்தைத் தவிர்க்கும்படி தொலைவு வரம்பைக் குறைத்துப் பள்ளியை அமைக்க வேண்டும் என்கிறது அது. ஆறுவழி நெடுஞ்சாலை என்ற சொல் அதில் இல்லைதான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆற்று வெள்ளம் எப்படியோ அப்படித்தான் அந்தச் சாலையும், வெள்ளமாவது வடியும். அந்த விதியை எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்தது குழந்தையின் காலடி அளவு என்று நான் நம்புகிறேன். வான்வழி அளவை வைத்துக்கொண்டு அந்த விதியை நிறைவேற்றிவிட்டதாகச் சொல்ல முடியாது.

வரைபடத்தில் வராத இன்னொரு துணை அக்காமார்கள். எங்கள் பள்ளி எட்டாம் வகுப்பு வரை இருப்பதால், ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் தன் தம்பியையும், எதிர்வீட்டுப் பையனையும், மூன்றாவது தெருவிலிருந்து வரும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகிறாள். யாரும் அவளை நியமிக்கவில்லை. எங்கள் தெருக்களில் இப்படி நாலைந்து கூட்டங்கள் காலையில் கிளம்பும். ஒவ்வொன்றின் முன்னாலும் பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பெண்ணோ பையனோ இருப்பார்கள். ஒன்று முதல் ஐந்து வரை மேற்கே, ஆறு முதல் எட்டு வரை கிழக்கே என்று பிரித்தால் இந்தக் கூட்டங்கள் அனைத்தும் கலைந்துவிடும். சிறியவர்களைக் கொண்டுபோய்விடப் பெரிய பெண் தன் முதல் பீரியடை விட வேண்டியிருக்கும், அல்லது நின்றுவிட வேண்டியிருக்கும். நான் இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நான் படித்தது பென்னாகரம் பக்கத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில். ஐந்தாம் வகுப்பில் எங்களோடு 11 பெண்கள் இருந்தோம். ஆறாம் வகுப்புக்கு நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்றதும் அதில் ஐந்து பேர் வீட்டோடு நின்றார்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டமாகத் தருமபுரி, 68.54 விழுக்காட்டோடு, கடைசியில் நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தவை அந்த ஐந்து பெண்களின் முகங்கள்தாம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இது ஓசூர். இங்கே ஒரு தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுகிறார்கள், சில வீடுகளில் இரண்டு மொழிகள் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. எங்கள் பள்ளியில் தெலுங்கு வழிப் பிரிவு ஒன்று இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளும் தமிழைப் பாடமாகப் படிக்கிறார்கள், நன்றாகவே படிக்கிறார்கள். மேற்கே இருக்கும் தொடக்கப் பள்ளியில் தமிழ் வழி மட்டுமே உண்டு. மூன்றாம் வகுப்பு வரை தெலுங்கில் கணக்குப் படித்த குழந்தை, நாலாம் வகுப்பில் சாலையைக் கடந்ததும் பயிற்று மொழியையும் கடக்க வேண்டியிருக்கும். கூட்டத்தில் இதை எழுப்பியவர் ஒரு தெலுங்குக் குடும்பத்துத் தந்தை; பேசி முடித்ததும், "நான் தமிழுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்" என்று அவர் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அப்படி விளக்கம் தர வேண்டிய நிலை வந்ததற்காக நான் வெட்கப்பட்டேன்.

அந்தக் கூட்டத்துக்கு வராதவர்களைப் பற்றி யோசிக்கும்போதுதான் என் கவலை அதிகமாகிறது. எங்கள் லேஅவுட்டின் பின்புறம், ஒரு தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ஒற்றை அறைகள் கொண்ட லைன் வீடுகள் இருக்கின்றன. அரூரிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் வந்தவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள், கட்டட வேலைக்கும் ஒப்பந்த வேலைக்கும் போகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நால்வரில் மூவர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அப்படித்தான் எங்கள் குழுவும் இருக்கிறது. ஆனால் லைன் வீடுகளிலிருந்து ஒருவர்கூட அதில் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக் கூட்டத்துக்கு அவர்களால் வர முடியாது, வந்தால் அரைநாள் கூலி போய்விடும். ஆசிரியர் பணியிடங்களை முடிவு செய்யும் மாணவர் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி எடுக்கப்படுகிறது. இந்தக் குடும்பங்களில் பல, தீபாவளி கழிந்தோ பொங்கல் கழிந்தோ வந்து சேர்கின்றன. அப்போது சேரும் பிள்ளைக்கு வகுப்பில் இடம் கொடுக்கிறார்கள், அதற்குச் சேர்க்கைப் பதிவேட்டில் வரியும் உண்டு, ஆனால் அந்த ஆண்டின் ஆசிரியர் கணக்கில் அந்தப் பிள்ளை இல்லை. இடம்பெயர்ந்து வரும் குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உறுதிசெய்ய வேண்டியது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எல்லைப் பட்டியலில் எங்கள் லேஅவுட்டுக்குப் பெயர் இருக்கிறது; லைன் வீடுகளுக்குப் பெயரே இல்லை. அந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு உரியவர்கள் என்று கேட்டேன். பதில் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பென்னாகரத்தில் நான் படித்த பள்ளியில் இந்த ஆண்டு 14 பிள்ளைகள்தாம் என்று என் அத்தை சொல்கிறார். அங்கே காலியாகும் இருக்கைகளும் இங்கே நிரம்பி வழியும் தாழ்வாரமும் ஒரே குடும்பங்களால் நேர்ந்தவை. அங்கே 'மாணவர் குறைவு' என்ற கோப்பிலும் இங்கே 'மாணவர் மிகுதி' என்ற கோப்பிலும் இருப்பது பல நேரங்களில் ஒரே குழந்தைதான்.

சரி, எதிர்த்துக்கொண்டே இருந்தால் தாழ்வாரத்தில் உட்காரும் முதல் வகுப்புக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து, காலையில் பள்ளி வாசலில் ஒரு வாரம் நின்று, யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று எழுதிப் பார்த்தோம். அதில் நாங்கள் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. மேற்குப் பக்கம், அந்தத் தொடக்கப் பள்ளிக்குக் கூப்பிடு தொலைவில் இருக்கும் புதிய மனைகளிலிருந்து 40-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வேனிலும் ஷேர் ஆட்டோவிலும் நெடுஞ்சாலையைக் கடந்து எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள். ஏன் என்று கேட்டால், பெரும்பாலானோர் சொன்ன காரணம் ஆங்கில வழிப் பிரிவு. 2012-13-இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழி தொடங்கப்பட்டபோது எங்கள் பள்ளிக்கு அது கிடைத்தது. அந்தச் சிறிய பள்ளிக்குக் கிடைக்கவில்லை. ஆங்கில வழி நல்லதா என்பதில் எனக்குத் தனிக் கருத்து உண்டு, என் இரண்டு பிள்ளைகளும் தமிழ் வழியில்தான் படிக்கிறார்கள். ஆனால் ஒரு கூலித் தொழிலாளி மாதம் 800 ரூபாய் ஆட்டோவுக்குக் கொடுத்து அதைத் தேடி வருகிறார் என்றால், அந்த விருப்பத்தை மதித்துத்தான் திட்டம் போட வேண்டும்.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். நெடுஞ்சாலையே எல்லையாக இருக்கட்டும். மேற்கே இருக்கும் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவைத் தொடங்கி, இன்னும் ஓர் ஆசிரியரைக் கொடுத்து, மேற்குப் பக்கத்துப் பிள்ளைகளை அங்கே வரவேற்கட்டும். அவர்கள் 40 பேர் அங்கே போனால் அந்தப் பெரியவர் கேட்டபடி அந்தப் பள்ளி பிழைக்கும், எங்கள் தாழ்வாரமும் காலியாகும், ஒரு பிள்ளையும் சாலையைக் கடக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இங்கே படிக்கும் பிள்ளைகளை நடுவில் பெயர்க்காமல், புதிதாக முதல் வகுப்பில் சேர்பவர்களிலிருந்து தொடங்கட்டும். கிழக்கே, எங்கள் பள்ளியின் பின்புறமுள்ள இடத்தில் கூடுதல் வகுப்பறைகள் கட்ட வேண்டும். லேஅவுட்டுகளுக்கு அனுமதி தரும்போது பொதுப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலங்களில் ஒன்றைப் பள்ளிக்காகக் கேட்டுப் பெற முடியுமா என்றும் பார்க்க வேண்டும். தெலுங்கு வழிப் பிரிவை இருக்கும் இடத்திலேயே விட வேண்டும். லைன் வீடுகளின் பெயரையும் பட்டியலில் எழுத வேண்டும், அவர்களிடம் கருத்துக் கேட்க ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் வைக்க வேண்டும். இதில் எதுவும் நடக்காமல் எங்கள் பிள்ளைகளை மேற்கே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பள்ளி இல்லாத குடியிருப்புகளின் குழந்தைகளுக்குக் கொடுப்பதுபோல் போக்குவரத்துப் படியும் வழித்துணைக்கு ஆளும் முதல் நாளிலிருந்தே வேண்டும். ஜூனில் பிள்ளையை அனுப்பி டிசம்பரில் துணைக்கு ஆள் தருவதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

இவற்றைத் தீர்மானமாக எழுதிக் குழுவின் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறோம். குழுவின் தலைவியான தாய் முதலில் கையெழுத்திட்டார். பாட்டி குழு உறுப்பினர் இல்லை என்றாலும், பார்வையாளராக வந்து கடைசியில் தன் பெருவிரலையும் பதிக்க வேண்டும் என்று கேட்டார். உறுப்பினர்களின் கையெழுத்துகளுக்குக் கீழே தனியாக ஒரு கோடு போட்டு, அதன் கீழே அவருடைய ரேகையைப் பெற்றோம். தீர்மானத்தின் நகல் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் மாநகராட்சிக்கும் போயிருக்கிறது. அலுவலர் ஒருவர் எங்களோடு ஒருமுறை நடந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அதற்கு நாங்கள் அவருக்கு மனமார நன்றி சொன்னோம்.

வரும் புதன்கிழமை காலை 7.40-க்கு எங்கள் தெரு முனையிலிருந்து புறப்படுகிறோம். ஓசூரில் இருக்கும் பெற்றோர், ஆசிரியர், மாமன்ற உறுப்பினர் யார் வேண்டுமானாலும் வரலாம். முடிந்தால் ஒரு குழந்தையையும், அதன் புத்தகப் பையையும் அழைத்து வாருங்கள். சுரங்கப்பாதையில் தண்ணீர் இருக்கும், மாற்றுச் செருப்பு கொண்டு வரவும்.